நன்னீர்க் கல்லிறாலும் அதன் கொள்ளைநோயும்

ஐரோப்பாவின் ஓடைகளிலும் ஏரிகளிலும், கற்களின் இடுக்கிலும் கரையோர மரங்களின் வேர்களிடையிலும் பகலெல்லாம் பதுங்கியிருந்து, இருள் சூழ்ந்தபின் வெளிப்பட்டு இரை தேடும் பிராணி ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் அதனைக் கிரேஃபிஷ் என்பர். பெயரின் ஈற்றில் மீன் என்னும் பொருள்படும் சொல் நின்றாலும் அது மீன் அன்று. பழைய பிரெஞ்சுச் சொல்லொன்றின் கடைசி அசை ஆங்கிலேயர் செவியில் அவ்வாறு ஒலித்தமையால் வந்த பெயர் அது. இறால், நண்டு ஆகியவற்றோடு பத்துக்காலிகள் என்னும் வரிசையில் வைத்து எண்ணப்படுவது. நம் கடற்கரையில் அகப்படும் சிங்கி இறாலுக்குக் கொடுக்குகள் இல்லை. இதற்கோ முன்னங்கால்கள் இரண்டும் நண்டினுடையவை போன்ற வலிய கொடுக்குகளாக அமைந்துள்ளன. தமிழ் வழக்கில் இதற்குப் பெயர் இல்லாமைக்குக் காரணம் எளிது. இந்தியாவின் நன்னீர்நிலைகளில் இயற்கையாக வாழும் கிரேஃபிஷ் இனம் ஒன்றேனும் இல்லை. ஆகவே நன்னீர்க் கல்லிறால் என்ற பெயர் இங்கு வசதிக்காகக் கொள்ளப்படுகிறது.

உலகில் இவ்வகைப் பிராணிகளில் 600-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை வட அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் வாழ்கின்றன. மடகாஸ்கர் தீவில் அத்தீவுக்கே உரிய ஏழு இனங்கள் இருக்க, அதனருகே உள்ள ஆப்பிரிக்கப் பெருநிலத்தில் ஒன்றுகூட இல்லாதது விலங்கியலார் நெடுங்காலம் சிந்தித்துவரும் விஷயமாகும். 2015-இல் வெளிவந்த உலகளாவிய மதிப்பீட்டின்படி, ஆராயப்பட்ட இனங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அழியும் அபாயத்தில் உள்ளது.

நம் நாட்டில் இல்லாத ஒரு பிராணியின் அழிவைப் பற்றி நம் களப்பணியாளரும் ஆசிரியரும் அறிவதால் பயன் யாது என்ற வினா எழலாம். அதனை ஐரோப்பாவில் அழித்துவரும் நோய்க்கிருமியின் உடன்பிறப்பு ஒன்று 1988 முதல் நம் குளங்களிலும் உள்ளது என்பது ஒரு விடை. அந்நோய் பரவிய விதம் மற்றொரு விடை. நீர்நிலைக்குத் தீங்கு நினைத்தவர் எவரும் அதனைப் பரப்பவில்லை. மீன்வளத்தைப் பெருக்க முயன்றவர்களும், பொழுதுபோக்காகத் தூண்டில் இட்டவர்களும், ஈரமான பூட்ஸுடன் ஓடைக்கு ஓடை சென்றவர்களுமே அறியாமல் அதற்குத் துணைபுரிந்தனர்.

வாழ்க்கை முறை

பிரிட்டனுக்கு இயற்கையில் உரிய கல்லிறால் ஒரே இனந்தான். கொடுக்குகளின் அடிப்புறம் மங்கிய வெண்ணிறமாக இருத்தலின் அதனை வெண்கொடுக்குக் கல்லிறால் எனலாம். விஞ்ஞானப் பெயர் ஆஸ்ட்ரபொட்டமோபியஸ் பாலிபெஸ். அயர்லாந்திலும் இவ்வினமே உள்ளது. இடைக்காலத்தில் பிரான்சிலிருந்து கிறிஸ்தவத் துறவியர் அதனை அங்குக் கொண்டுவந்திருக்கலாம் என்ற கருத்தும் உண்டு. 1880-இல் பேராசிரியர் தாமஸ் ஹக்ஸ்லி விலங்கியலுக்கு ஒரு முன்னுரையாக நூலொன்று எழுத எண்ணியபோது அதற்குப் பொருளாக எடுத்துக்கொண்டது கல்லிறாலைத்தான். எந்த மாணவனும் அருகிலுள்ள ஓடையில் எளிதிற் பிடித்துவரக்கூடிய பிராணியாக அன்று அது இருந்தது. ஹக்ஸ்லியின் மாணவர்களுக்குக் கல்லிறால் எவ்வாறோ அவ்வாறே நம் கல்லூரி மாணவர்களுக்கு நன்னீர் இறால்.

வளர்ச்சி முற்றிய வெண்கொடுக்குக் கல்லிறால் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். இனப்பெருக்கத்துக்குரிய பருவம் அடைய மூன்று அல்லது நான்கு ஆண்டுகள் ஆகும். பத்தாண்டுகளுக்கு மேல் உயிர்வாழ்வதும் உண்டு. இலையுதிர் காலத்தில் நீரின் வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது ஆணும் பெண்ணும் கூடுகின்றன. பின்னர்ப் பெண் தன் முட்டைகளை வயிற்றுப்புறத்துச் சிறு கால்களில் கொத்தாக ஒட்டவைத்துக்கொண்டு குளிர்காலம் முழுவதும் சுமந்து திரிகிறது. கோடையின் தொடக்கத்தில் குஞ்சுகள் வெளிப்படுகின்றன. அவை சில நாட்கள் தாயின் வயிற்றடியிலேயே தொங்கிக்கொண்டிருந்து, பின் பிரிந்து செல்கின்றன. முட்டைகளின் எண்ணிக்கை பெரும்பாலும் நூறைத் தாண்டுவதில்லை. தாமதமாகப் பருவமடைந்து, ஆண்டுக்கு ஒருமுறையே, அதுவும் சில பத்து முட்டைகளையே இடும் பிராணிக்கு ஒரு பேரிழப்பிலிருந்து மீள நெடுங்காலம் வேண்டும். பின்னர்க் கூறப்படுபவற்றை விளங்கிக்கொள்ள இதனை மனத்திற் கொள்வது அவசியம்.

கல்லிறாலின் ஓடு வளராது, உடல் வளரும். ஆகையால் பாம்பு சட்டையை உரிப்பதுபோல் அதுவும் பழைய ஓட்டை அவ்வப்போது களைந்துவிட வேண்டியிருக்கிறது. குஞ்சுகள் முதலாண்டில் பலமுறை ஓடு கழற்றும். வளர்ந்தவை ஆண்டுக்கு ஓரிரு முறையே கழற்றும். ஓட்டில் உள்ள சுண்ணச்சத்தை வீணாக்காத பொருட்டு, கழற்றும் காலம் நெருங்கும்போது அதில் ஒரு பகுதியை உறிஞ்சி, இரைப்பையின் சுவரில் பொத்தானைப் போன்ற இரண்டு வெண்கற்களாகச் சேமித்து வைக்கிறது. புதிய ஓடு இறுகும்போது அக்கற்கள் கரைந்து பயன்படுகின்றன. முற்கால ஐரோப்பிய வைத்தியர்கள் இவற்றை நண்டுக் கண்கள் என்னும் பெயரால் மருந்தாக விற்று வந்தனர். சுண்ணச்சத்தின் தேவை இத்தகையதாதலின் சுண்ணாம்புப் பாறைகளூடே வரும் கடின நீரிலேயே இப்பிராணி செழித்து வாழ்கிறது. உதிர்ந்த இலை, நீர்ச்செடி, நத்தை, பூச்சிப் புழு, செத்த மீன் ஆகிய அனைத்தும் அதற்கு உணவு. அதனை நீர்நாயும் நாரையும் டிரவுட் மீனும் உண்கின்றன.

நோய் வந்த வரலாறு

1860-ஐ ஒட்டி இத்தாலியின் போ ஆற்றுப் பள்ளத்தாக்கில் கல்லிறால்கள் கூட்டங்கூட்டமாக மடியலாயின. இரவில் மட்டும் நடமாடும் பிராணிகள் பட்டப்பகலில் வெளியே வந்தன; கால்களை விறைத்து ஊன்றித் தள்ளாடின; மல்லாந்து விழுந்தபின் திரும்ப இயலாமல் கிடந்தன. அக்கேடு பிரான்சிலும் ஜெர்மனியிலும் ரஷ்யாவிலும் பரவி, 1893-இல் பின்லாந்தை அடைந்தது. அங்கிருந்து 1907-இல் ஸ்டாக்ஹோமுக்கு விற்பனைக்கு வந்த கல்லிறால்களில் சில இறந்திருந்தன. பயனற்றவை என அவற்றை நீரில் எறிந்தனர். அதன்பின் மேலாரென் ஏரியிலும் அதனைச் சார்ந்த நீர்நிலைகளிலும் அவ்வினமே அற்றுப்போகத் தொடங்கியது. ஆகஸ்டு மாதத்தில் கல்லிறால் விருந்து வைப்பதைத் தங்கள் மரபாகக் கொண்ட சுவீடிஷ் மக்களுக்கு இது சாதாரண நஷ்டம் அன்று.

நோய்க்குக் காரணமான உயிர் அஃபனோமைசெஸ் அஸ்டாசி என்பது. முன்னர் இதனைப் பூசண வகையில் சேர்த்திருந்தனர். உண்மையில் இது பூசணத்தைப்போல் இழைவிட்டு வளரினும், பாசிகளுக்கு நெருங்கிய உறவான நீர்ப்பூசணம் என்னும் தனிப் பிரிவைச் சேர்ந்தது. இதன் பரவலுக்குக் கருவியாவன நீந்தும் வித்துக்கள். கண்ணுக்குப் புலனாகாத இவை இரண்டு கசையிழைகளால் நீந்திக் கல்லிறாலை நாடிச் செல்லும். மூட்டுகளின் மெல்லிய தோலிலோ ஒரு கீறலிலோ ஒட்டியவுடன் கசையிழைகளை உதிர்த்து உறை பூண்டு, முளைவிட்டு, ஓட்டினூடே இழைகளைச் செலுத்துகின்றன. தவறான இடத்தில் ஒட்டிவிட்டால் உறையிலிருந்து மீண்டும் ஒரு நீந்தும் வித்தாக வெளிப்பட்டு வேறிடம் தேடும் வல்லமையும் இவற்றுக்கு உண்டு. ஐரோப்பியக் கல்லிறால் இரண்டொரு வாரங்களில் இறந்துபோகும். இறக்கும் பிராணியின் உடலிலிருந்து எண்ணற்ற புதிய வித்துக்கள் நீரிற் கலக்கின்றன. மனிதருக்கும் பிற பாலூட்டிகளுக்கும் இந்நோயால் தீங்கு ஏதும் இல்லை.

இவ்வுயிரின் பலவீனமும் இங்கேயே உள்ளது. அதற்குக் கல்லிறால் உடலன்றி வேறு நிலையான இருப்பிடம் இல்லை. காலங்கடந்து உறங்கிக் கிடக்கும் வித்தும் இல்லை. நீரில் தனித்து விடப்பட்டால் அதன் வித்துக்கள் சில நாட்களிலும், குளிர்ந்த நீராயின் சற்றே கூடுதலான நாட்களிலும் அழிந்துவிடும். எனவே ஓர் ஆற்றில் கல்லிறால் முழுவதும் மடிந்துவிட்டால் நோயும் உடன் மடிகிறது. சில காலங் கழித்து அங்கே நலமுள்ள கல்லிறால்களை மீண்டும் விடலாம். சென்ற நூற்றாண்டில் இவ்வாறு சில நீர்நிலைகள் மீட்கப்பட்டதும் உண்டு. இந்த ஒரு வாய்ப்பையும் அடைத்தது நோயன்று. நோய்க்குப் பரிகாரமாகக் கருதப்பட்ட ஒன்றாகும்.

பரிகாரமாக வந்த கேடு

உள்நாட்டுக் கல்லிறால் அழிந்த இடத்தில் அயல்நாட்டு இனத்தை விட்டு வளர்க்கலாம் என்ற எண்ணம் இயல்பாகவே தோன்றியது. 1890-இல் மாக்ஸ் ஃபான் டெம் போர்னே என்னும் ஜெர்மானிய மீன்வளர்ப்பு நிபுணர், ஏறத்தாழ 100 அமெரிக்கக் கல்லிறால்களை வரவழைத்துத் தம் குளத்தில் விட்டார். அவற்றின் சந்ததி இன்று ஐரோப்பாவின் நதிகள் பலவற்றில் பரவியுள்ளது. 1960-இல் சுவீடன் கலிஃபோர்னியாவிலிருந்து சிக்னல் கல்லிறாலைக் கொணர்ந்தது. கொடுக்கின் மூட்டில் கொடிகாட்டியின் வெண்துணியைப் போன்றதொரு வெளிர் புள்ளி இருப்பதால் இதற்கு அப்பெயர். அளவிற் பெரியது, சுவையுள்ளது, கொள்ளைநோய்க்குச் சாவதில்லை. இதற்கு மேல் வேண்டுவது யாது என்றே அக்காலத்தார் கருதினர். 1974-இல் ஸ்பெயின் தேசம் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துச் செஞ்சதுப்புக் கல்லிறாலைக் கொணர்ந்து குவாடல்கிவிர் ஆற்றின் கழிமுகச் சதுப்பில் விட்டது. அது நெல்வயல் வரப்புகளைத் துளைத்து விவசாயிகளுக்குத் தொல்லையாயிற்று. 1976-இல் பிரிட்டனில் பண்ணையாளருக்கு உபதொழிலாக இருக்கும் என்ற எண்ணத்தில், சர்க்காரின் ஊக்கத்துடனேயே, சிக்னல் கல்லிறால் இறக்குமதி செய்யப்பட்டது. அது பண்ணைக் குளங்களிலிருந்து ஏறி நடந்து ஆறுகளை அடைந்தது. 1981-இல் அந்நாட்டில் கொள்ளைநோய் முதன்முறையாகக் கண்டறியப்பட்டது.

அமெரிக்க இனம் ஏன் சாவதில்லை? அந்த நீர்ப்பூசணம் அமெரிக்காவுக்கே உரியது. அங்குள்ள கல்லிறால்களோடு நெடுங்காலம் பழகியது. இழை ஓட்டினுள் நுழைந்தவுடனேயே அமெரிக்கக் கல்லிறாலின் குருதி அதனைச் சுற்றி மெலனின் என்னும் கறுப்புப் பொருளைப் படியவைத்துச் சிறைப்படுத்திவிடுகிறது. இழை அழிவதில்லை, பிராணியும் இறப்பதில்லை. ஆனால் ஓடு கழற்றும்போதும் உடல் நலிவுறும்போதும் சில வித்துக்கள் வெளிவந்துகொண்டே இருக்கும். ஐரோப்பிய இனத்தின் உடலிலும் இத்தற்காப்பு உண்டு. அது தாமதித்தும் குறைந்த அளவிலும் செயற்படுவதால் பயன் தருவதில்லை. ஆக, அமெரிக்கக் கல்லிறால் நோய்க்கு மாற்று அன்று. நோயின் நிரந்தர உறைவிடம். நோய் மட்டும் வந்த ஆற்றில் அது தானே அணைந்துவிடும். நோய்தாங்கியும் உடன் குடியேறிய ஆற்றில் அணைவதில்லை. இவ்விரு நிலைக்கும் உள்ள வேறுபாடே பாதுகாப்புப் பணி அனைத்துக்கும் அடிப்படை.

நோய் இல்லாவிடினும் சிக்னல் கல்லிறால் தீயதே. அது 16 சென்டிமீட்டரையும் கடந்து வளரும். வெண்கொடுக்கு இனத்தைவிட விரைவில் பருவமடைந்து, 200 முதல் 400 வரை முட்டையிடும். பதுங்கிடத்துக்கான போட்டியில் சிறியதை விரட்டிவிடும். கரைகளில் வளை தோண்டி மண்ணைச் சரியச் செய்கிறது. அதனை ஒழிக்கச் செய்த முயற்சிகளின் பலன் மனத்தைச் சோர்வுறச் செய்வதாகும். இரை வைத்த கூடுகளில் பெரிய ஆண்களே பெரும்பாலும் அகப்படுகின்றன. யார்க்ஷயரில் ஓர் ஓடையின் நீரை முற்றும் இறைத்து எண்ணியபோது, அங்கிருந்த கல்லிறால்களில் நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவானவையே கூட்டில் அகப்படும் பருமன் உடையவையாக இருந்தன. பெரியவை தம்மினத்துக் குஞ்சுகளையே தின்பவை. அவற்றை அகற்றுவதால் குஞ்சுகள் பிழைத்துத் தொகை பெருகவும் கூடும். குளத்து நீரை வற்றச் செய்தால் ஈர வளைக்குள் புகுந்து காத்திருக்கும். தனித்த சிறு குட்டைகளில் பைரித்ரம் போன்ற பூச்சிக்கொல்லிகளைக் கலந்து ஒழித்த நிகழ்ச்சிகள் ஸ்காட்லாந்தில் உண்டு; ஓடும் ஆற்றில் அது இயலாது. ஒருமுறை ஓர் ஆற்றுத் தொகுதியில் நிலைத்துவிட்ட சிக்னல் கல்லிறாலை அங்கிருந்து முற்றும் நீக்கும் முறை எதுவும் இன்றுவரை கண்டறியப்படவில்லை.

அயர்லாந்தின் பாடம்

2015 வரையில் அயர்லாந்து ஐரோப்பாவின் நம்பிக்கையாக இருந்தது. அங்கே அயல்நாட்டுக் கல்லிறால் எதுவும் குடியேறியிருக்கவில்லை. 1980-களில் சில ஏரிகளில் கல்லிறால் மடிந்ததற்குக் கொள்ளைநோயே காரணம் எனக் கருதப்பட்டதுண்டு. அதன்பின் நெடுங்காலம் நோயின் அறிகுறி இல்லை. அவ்வாறிருக்க, 2015-இல் கேவன் கவுண்டியில் பாலிஜேம்ஸ்டஃப் என்னும் ஊரருகே பிரஸ்கி ஆற்றில் கல்லிறால்கள் பெருமளவில் செத்துக்கிடந்தன. சோதனையில் கொள்ளைநோய் உறுதியாயிற்று. 2017-இல் தெற்கே ஷூர் ஆற்றிலும், பின் பாரோ முதலிய ஆறுகளிலும் அதே நோய் கண்டது. ஒன்றோடொன்று நீர்த்தொடர்பு இல்லாத ஆறுகள் இவை. சுமந்துவர அயல்நாட்டுக் கல்லிறால் ஒன்றும் அங்குக் காணப்படவில்லை.

ஆகவே நோய் நீரோடு வரவில்லை. நிலத்தின் வழியே வந்தது. தூண்டில், வலை, மீன்பிடி உடை, பூட்ஸ், தோணி, அளவுக்கருவி என எவையெல்லாம் ஓர் ஆற்றில் நனைந்து மறு ஆற்றில் மீண்டும் நனைகின்றனவோ அவையெல்லாம் ஐயத்துக்குரியவை ஆயின. ஒரு பூட்ஸின் மடிப்பில் தேங்கிய கரண்டி நீர் போதும். அந்நீர் உலர்வதற்குள் அடுத்த ஓடையில் இறங்கிவிட்டால் வித்துக்கள் சேர வேண்டிய இடத்தைச் சேர்ந்துவிடும். 2019-இல் ஆஸ்திரேலிய இனக் கல்லிறால் ஒன்றும் அயர்லாந்தின் ஒரு நீர்நிலையில் காணப்பட்டது. அது வேறு வழியில் வந்த வினை.

இதிலிருந்து விளையும் நடைமுறை கடினமானதன்று. கருவியை நீர்நிலையை விட்டு நீங்குமுன் சேறும் செடியும் போகப் பார்த்துத் துடைக்க வேண்டும், கழுவ வேண்டும், முற்றும் உலர்த்த வேண்டும். பிரிட்டனில் 2011 முதல், பார், கழுவு, உலர்த்து என்ற மூன்று ஏவற்சொற்களில் இதனைப் பொதுமக்களுக்குக் கற்பிக்கின்றனர். கழுவுவது 45 டிகிரி வெந்நீராயின் கால்மணி நேரம் ஊறவிடுதல் நன்று. மூன்றனுள் உயிர்நாடியானது உலர்த்துவது. இந்த நீர்ப்பூசணத்தின் வித்துக்கள் வறட்சியைத் தாங்கா. தொட்டால் ஈரம் தெரியாத நிலையை அடைந்தபின் 48 மணி நேரம் வெளியில் கிடந்த வலை அச்சத்துக்குரியதன்று. ஒரே நாளில் பல ஓடைகளைப் பார்வையிட வேண்டிய பணியாளர் இரண்டு அல்லது மூன்று தொகுதிக் கருவிகளை வைத்துக்கொண்டு, ஒன்று உலரும்போது மற்றொன்றைப் பயன்படுத்துகிறார். ஓர் ஆற்றிலேயே பணி செய்யும்போதும் நோயற்ற மேல்பகுதியில் தொடங்கிக் கீழ்நோக்கி வருவதே முறை. கூடுமானால் நீரில் இறங்காமலே, ஒரு லிட்டர் நீரை வடிகட்டி, அதில் கலந்துள்ள டிஎன்ஏ துகள்களைக்கொண்டு கல்லிறாலும் நோயும் அங்குள்ளனவா என்று அறியும் முறை இப்போது கையாளப்படுகிறது.

பேழைக் குளங்கள்

ஆற்றைக் காக்க இயலாதபோது இனத்தையாவது காக்க வேண்டும் என்ற நோக்கத்துடன் பிரிட்டனில் தோன்றியவை பேழைக் குளங்கள். வெள்ளத்தில் உயிர்களைக் காத்த நோவாவின் பேழையை நினைந்து வைத்த பெயர். கல்லெடுத்துக் கைவிட்ட குழிகளும் சரளைக்கல் தோண்டிய பள்ளங்களும் இதற்கு ஏற்றவை. ஆற்றோடு தொடர்பற்று, சுண்ணச்சத்துள்ள வற்றாத நீரும் பதுங்குவதற்குக் கற்குவியலும் உடையதாய், தூண்டில்காரர் அணுகாத இடமாய் இருக்க வேண்டும். நோயற்றவை எனச் சோதித்த கல்லிறால்களை ஆபத்து நெருங்கும் ஓடையிலிருந்து பிடித்து இங்கே விடுகின்றனர். தென்மேற்கு இங்கிலாந்தில் 2008-இல் தொடங்கிய திட்டத்தில் முட்டை சுமக்கும் பெண்களைக் கொணர்ந்து தொட்டிகளில் வைத்துக் குஞ்சுகளைப் பேணி வளர்த்து விடுவதும் நடைபெறுகிறது. காட்டு ஓடையில் பெரும்பாலான குஞ்சுகள் முதல் ஆண்டிலேயே இறந்துவிடுமாதலின் இம்முறையில் பிழைப்பவை பன்மடங்கு.

ஆயினும் பேழைக் குளம் ஆறு ஆகாது. சில நூறு பிராணிகளைக்கொண்ட தனித்த கூட்டங்கள் தலைமுறை தலைமுறையாகத் தமக்குள்ளேயே கூடி இனவளம் குறையும் அபாயத்தை விஞ்ஞானிகள் மறுப்பதில்லை. எந்த ஒரு விடுமுறை நாளிலும் யாரேனும் ஒருவர் வாளி ஒன்றில் சிக்னல் கல்லிறாலைக் கொண்டுவந்து அக்குழியில் விட்டுவிடக்கூடும். அதனால் பல குளங்களின் இடத்தை வெளியிடுவதில்லை. சட்டமும் துணை நிற்கிறது: வெண்கொடுக்கு இனத்தை அனுமதியின்றிப் பிடிப்பதும் விற்பதும் பிரிட்டனில் குற்றம், பிடிபட்ட சிக்னல் இனத்தை மீண்டும் நீரில் விடுவதும் குற்றம். 2016-இல் ஐரோப்பிய ஒன்றியம் வெளியிட்ட ஆக்கிரமிப்பு இனங்களின் முதற்பட்டியலில் ஐந்து கல்லிறால் இனங்கள் இடம்பெற்றன.

இந்தியாவில் கருதத்தக்கவை

அஃபனோமைசெஸ் குலத்தில் மற்றோர் இனம் அஃபனோமைசெஸ் இன்வடன்ஸ். அது கல்லிறாலை விட்டு மீனைப் பற்றுவது. 1971-இல் ஜப்பானிலும் அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியாவிலும் தென்பட்டு, தென்கிழக்கு ஆசியா வழியாக மேற்கு நோக்கி வந்து, 1988-இல் வங்காளதேசத்தையும் இந்தியாவின் வடகிழக்கு மாநிலங்களையும் அடைந்தது. 1991-இல் கேரளத்தின் குட்டநாட்டில் கண்டது. விரால், கெண்டை முதலியவற்றின் உடலில் செந்நிறப் புண்கள் தோன்றித் தசை அழுகும் அந்நோயைக் குளிர்காலத்தில் கண்டிராத மீன்வளப் பணியாளர் அரியர். திலாப்பியாவும் சாதாக் கெண்டை எனப்படும் அயல்நாட்டுக் கெண்டையும் அதற்கு எளிதில் ஆட்படுவதில்லை. நாட்டு விரால் மடிகிறது. வந்தேறிய மீன் பிழைத்திருக்கிறது. ஐரோப்பியக் கல்லிறாலின் கதையைப் படித்தவருக்கு இதில் வியப்பு இராது. நீந்தும் வித்துக்களே இதற்கும் கருவி. ஆகையால் குளத்துக்குக் குளம் இழுவலையைச் சுமந்து செல்பவர் அங்கே கூறப்பட்ட முறைகளை இங்கும் கையாளலாம். ஐரோப்பாவில் ஈரம் உலர இரண்டு நாள் காத்திருக்கின்றனர். நம் வெயில் அதனைச் செலவின்றி விரைவில் முடித்துத் தரும்.

ஆசிரியர்களுக்கும் இதில் பங்கு உண்டு. 2012-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆசிரியர்களிடையே நடத்திய விசாரணையின் முடிவு வெளியாயிற்று. வகுப்பில் உயிருள்ள பிராணிகளை வைத்துப் பாடம் நடத்தியோரில் நால்வருக்கு ஒருவர், பாடம் முடிந்தபின் அவற்றை வெளியிடங்களில் விட்டுவிட்டதாகக் கூறினர். கல்லிறாலும் அவ்வாறு விடப்பட்ட பிராணிகளுள் ஒன்று. குழந்தைகளின் எதிரில் ஓர் உயிரைக் கொல்ல மனம் வருவதில்லை என்பதே அதற்குக் காரணம். அதனைக் குற்றமாகச் சொல்வதற்கில்லை. ஆயினும் ஆண்டிறுதியில் வகுப்பறைத் தொட்டியின் மீன்களை ஊர்க்குளத்தில் விடும் வழக்கம் நம் பள்ளிகளில் இருக்குமாயின் அதனை நிறுத்துவது நல்லது. அவற்றை அடுத்த வகுப்புக்கு ஒப்படைக்கலாம். வாங்கிய கடைக்கே திருப்பிக் கொடுக்கலாம்.

இவ்வகையில் மிகுந்த எச்சரிக்கைக்குரியது பளிங்குக் கல்லிறால். 1990-களில் ஜெர்மனியின் அலங்கார மீன் வாணிபத்தில் தோன்றிய இவ்வினத்தில் ஆணே இல்லை. பெண்கள் கூடாமலே முட்டையிட்டுத் தம்மையொத்த பெண்களையே பெறுகின்றன. ஒரு தொட்டியிலிருந்து தப்பிய ஒரே பிராணி ஓர் ஏரியை நிரப்பப் போதும். சென்ற இருபது ஆண்டுகளில் மடகாஸ்கரின் நெல்வயல்களிலும் ஓடைகளிலும் அது பெருகிவிட்டது. அது கொள்ளைநோயையும் சுமக்கக்கூடியது. அத்தீவின் சொந்த இனங்கள் ஏழும் உயர்நிலக் காட்டோடைகளில் அதன் அண்டையில் உள்ளன.

நம் நீர்நிலைகளில் எங்கேனும் கல்லிறால் அகப்பட்டால் அதனை நாட்டு இறாலினின்று பிரித்தறிவது எளிது. நம் நீலக்கால் இறாலுக்கு நீண்ட கொடுக்குகளாக அமைந்தவை இரண்டாவது இணைக் கால்கள், அவை மெலிந்தவை. உடல் பக்கவாட்டில் ஒடுங்கியிருக்கும். தலையில் இரம்பம் போன்ற நீண்ட முள் முன்னோக்கி நிற்கும். கல்லிறாலுக்கோ முதல் இணைக் கால்களே பருத்த கொடுக்குகள், உடல் உருண்டு திரண்டிருக்கும், தலைமுள் குட்டையானது. அத்தகைய பிராணியை நீரில் திரும்ப விடலாகாது. கொடுக்குகள் மேலும் கீழும் தெரியப் படமெடுத்து, சாராயத்தில் இட்டு, இடமும் நாளும் எழுதி மாவட்ட மீன்வள அலுவலகத்துக்கு அனுப்புதல் வேண்டும். பிடித்த வலையை அன்று வேறு குளத்தில் இறக்கலாகாது.